பயிற்சிப் படத்திலிருந்து முழுப் படம் வரை: டர்பனில் மாணவப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

முதல் வருடம் எங்களுக்கு ஆறு பயிற்சிகள் கொடுத்தார்கள். ஒரே ஷாட்டில் ஒரு நிமிடம், வசனமே இல்லாத ஒரு காட்சி, எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் பேசுவது, இப்படி. ஆறிலும் நல்ல மதிப்பெண். சரி, நமக்குப் படம் எடுக்க வந்துவிட்டது என்று நினைத்து 11 நிமிடப் படம் ஒன்றை ஆரம்பித்தேன். அக்டோபரில் கதை எழுத உட்கார்ந்தவள், தியேட்டரில் போடக்கூடிய பிரதியைக் கையில் வாங்கியது அடுத்த வருடம் டிசம்பரில். 14 மாதம். அதில் கேமரா ஓடியது ஆறே நாள்.

மிச்ச நாளெல்லாம் எங்கே போயின என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி நாளாவது மிஞ்சியிருக்கும். அதனால் எழுதுகிறேன். என் படம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் நடக்கிறது. ஆடிக் கூழ் காய்ச்சுகிற ஒரு ஆயா, வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்ல வந்த பேரன், அவ்வளவுதான் கதை. ஆயாவாக நடித்தது என் சொந்த ஆயா. உங்கள் கதை வேறாக இருக்கும். ஆனால் ஊர் டர்பன் என்றால் நீங்கள் தடுக்கி விழப்போகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

1. பழைய பயிற்சிகளைச் சத்தமில்லாமல் பாருங்கள்

கதை எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு சாயங்காலம் போதும், காசும் ஆகாது. ஒலியை அணைத்துவிட்டு உங்கள் பயிற்சிகளை வரிசையாகப் பாருங்கள்.

நான் பார்த்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. எல்லா ஷாட்டும் என் உயரத்தில், நான் நிற்கிற இடத்திலிருந்தே எடுத்தவை. யாரும் சட்டகத்துக்குள் (ஃபிரேமுக்குள்) நடந்து வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. முதலிலிருந்தே அங்கே நிற்கிறார்கள். வசனம் முடிந்த அதே நொடியில் கட் சொல்லியிருக்கிறேன். பயிற்சியில் இதெல்லாம் உறுத்தவே இல்லை. ஆசிரியர் கேட்டது ஒரே ஒரு பாடம், அது வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். சரியாக வராத ஷாட்டை நானும் தூக்கி எறிந்தேன். படத்தில் அப்படி எறிய முடியாது. வாசலில் பேரன் செருப்பைக் கழற்றுகிற ஷாட் இல்லாவிட்டால் அவன் சமையலறைக்கு எப்படி வந்தான் என்று பார்ப்பவர் யோசிப்பார். அந்த யோசனையில் அடுத்த வசனம் காதில் ஏறாது.

இன்றே பழக்கிக்கொள்ள வேண்டியது: ஆக்‌ஷன் சொல்வதற்கு முன் ஐந்து விநாடி, கட் சொல்வதற்கு முன் ஐந்து விநாடி சும்மா ஓடவிடுங்கள். எடிட்டிங்கில் என் படத்தைக் காப்பாற்றிய பல இடங்கள் இந்தச் சும்மா ஓடிய விநாடிகளில் கிடைத்தவைதான். இன்னொன்று, இரண்டு பேர் பேசும் பயிற்சியை மூன்று பேரை வைத்து மறுபடி செய்யுங்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மூன்றாவது ஆள் மேஜைக்கு வந்து உட்கார்ந்ததும் கோடு மூன்றாகிவிடும். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று படப்பிடிப்பு அன்று நின்று யோசித்தால் முழுதாக ஒரு மணி நேரம் போய்விடும். எனக்குப் போனது.

2. கதையைச் சுருக்குங்கள், பிறகு இன்னும் சுருக்குங்கள்

என் முதல் பிரதியில் 22 பக்கம், ஏழு இடம். நார்த் பீச், விக்டோரியா தெரு மார்க்கெட், ஓடுகிற டாக்சிக்குள் ஒரு சண்டை எல்லாம் இருந்தன. கடைசியில் எடுத்தது ஒரு வீடு, வீட்டு முன்னால் தெரு, கோயில் முற்றம். ஒவ்வோர் இடமாற்றமும் சாமானை ஏற்றி, பேக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு வண்டியில்) போய், இறக்கி, மறுபடி விளக்கு வைக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது. மாணவர் குழுவுக்கு அது பாதி நாள்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்கு வந்தது. தமிழில் எழுதினால் வரிகள் நீளும், பக்கம் சீக்கிரம் நிரம்பும். என் தமிழ்ப் பக்கம் முக்கால் நிமிடத்துக்குத்தான் வந்தது. ஆனால் ஆயா பேசுகிற வேகத்தில் ஒரு பக்கம் இரண்டு நிமிடமும் ஆனது. வாய்விட்டுப் படித்துக் கைக்கடிகாரத்தில் பார்ப்பதுதான் ஒரே வழி.

பேரனுக்கு முதலில் 9 வயது வைத்திருந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நடிக்க வைக்கத் தொழிலாளர் துறையின் அனுமதி வேண்டும். அதற்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. மாணவப் படம்தானே என்றேன். அனுமதிக் கடிதம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் எங்கள் வழிகாட்டி ஆசிரியர். அந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்க நேரமில்லை. பேரன் ஒரே இரவில் 19 வயதுக்காரன் ஆனான். வீடு விற்கிற பேச்சு அவன் வாய்க்கு இன்னும் பொருத்தமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ட்ரோன் ஆசையும் எல்லாருக்கும் வரும். சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலே ஆட்கள், கட்டடங்களிலிருந்து 50 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டோங்காட் பக்கம் கிங் ஷாகா, டர்பன் நார்த்தில் வெர்ஜீனியா என்று இரண்டு நிலையங்கள் இருக்கிற ஊர் இது. விட்டுவிடுங்கள்.

3. காகிதங்கள்: படப்பிடிப்புக்கு ஆறு வாரம் முன்னால்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும். ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு காகிதமும் கேட்கமாட்டார்கள், அதனால் பழக்கமே இருக்காது.

*இடம்.* சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் உரிமையாளரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். தேதி, நேரம், எத்தனை பேர் வருவார்கள், எதையாவது உடைத்தால் யார் பொறுப்பு என்பது அதில் இருக்கட்டும். மாமா வாயால் சரி என்றார் என்பது மாமி ஊரிலிருந்து திரும்பி வரும்வரைதான் செல்லும். தெரு, பூங்கா, கடற்கரை போன்ற பொது இடங்களுக்கு எத்தெக்வினி மாநகராட்சியின் டர்பன் ஃபிலிம் ஆபீசில் விண்ணப்பிக்க வேண்டும். என்ன காட்சி, எத்தனை ஆள், எத்தனை வண்டி, என்ன சாமான் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் (நம்மால் வெளியாருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டுவது) தயாராக இருக்கட்டும். மால், பெட்ரோல் பங்கு மாதிரித் தனியார் இடங்களுக்கு இந்த அனுமதி செல்லாது, அவர்களிடம் தனியாகக் கேட்கவேண்டும். வனவிலங்குக் காப்பகம் என்றால் அதை நிர்வகிக்கும் மாகாண அமைப்பான எசெம்வெலோவிடம் போகவேண்டும்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. கல்லூரியின் காப்பீடு எங்களுக்கும் உண்டு என்று சொன்னார்கள், நானும் நம்பினேன். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படித்தபோது வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்கும் சாமான் அதில் அடங்காது என்று தெரிந்தது. தனியாக வாங்க வேண்டியதாயிற்று. வாய்வார்த்தை வேண்டாம், உங்கள் தேதிகள் அச்சடித்த சான்றைக் கேளுங்கள்.

*கோயில்.* கமிட்டிக்கு எழுத வேண்டும். செயலாளரை நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. எங்களுக்கு மூன்று நிபந்தனை போட்டார்கள்: கருவறைப் பக்கம் கேமரா திரும்பக்கூடாது, செருப்பு வெளியே, பூசை நடக்கும்போது யாரையும் நிறுத்தி மறுபடி செய்யச் சொல்லக்கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். ஆடி ஞாயிற்றுக்கிழமைக் கூழ் ஊற்றலுக்கு இரண்டாவது டேக் கிடையாது. அதற்கு மட்டும் இரண்டு கேமரா கொண்டுபோனோம். ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஆவணப்படம் எடுக்கலாம். நடிகரை வைத்துக் கதைப்படம் எடுக்க முடியாது.

*ஆட்கள்.* முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம், எடுப்பதற்கு முன்னால். என் படத்தில் இருந்திருக்க வேண்டிய மிக அழகான ஷாட் ஒரு பெரியவர் கூழ்ப்பானையைத் தலையில் தூக்கி வருவது. கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுவாரம் அவர் மகள் வீட்டுக்கு ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டார். இரண்டு மாதம் தேடினேன். ஷாட் இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. படிவத்தில் இவை இருக்கட்டும்: பெயர், படத்தின் பெயர், எல்லா ஊடகத்திலும் எல்லா நாட்டிலும் காட்டலாம் என்ற ஒப்புதல், காலவரம்பு இல்லை என்பது, சம்பளம் எவ்வளவு என்பது. சம்பளம் இல்லையென்றாலும் இல்லை என்று எழுதுங்கள். வயதானவர்களுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள், கையில் திணித்துவிட்டுப் போகாதீர்கள்.

*பாட்டு.* ஆயா வீட்டு ரேடியோவில் லோட்டஸ் எஃப்.எம். எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று மெல்லக் கேட்டால்கூடப் படத்தில் பாட்டைச் சேர்த்த கணக்குத்தான். பாட்டை எழுதி இசையமைத்தவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். சாம்ரோ என்ற அமைப்பு பாட்டைப் பொது இடத்தில் ஒலிக்கச் செய்வதற்கான உரிமத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதை வாங்கிவிட்டால் படத்தில் சேர்க்கலாம் என்று நினைப்பது தவறு. ரேடியோவை அணையுங்கள். வேண்டுமென்றால் தெரிந்தவர் யாரையாவது பாடவைத்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் படத்தில் ஆயாவே கூழ் கிண்டிக்கொண்டு ஒரு தாலாட்டை முணுமுணுக்கிறாள். வாய்வழி வந்தது, யாருக்கும் சொந்தமில்லை.

*உரிமை.* இங்குள்ள 1978-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் ஆசிரியர் அதை எடுப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்தவர்தான். இயக்கியவர் என்று அதில் இல்லை. கல்லூரி கேமரா, கல்லூரிக் காப்பீடு, கல்லூரி ஒப்பந்தம் என்றால் படம் யாருடையது? சேர்ந்த அன்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாளில் பதில் இருக்கும். எடுத்துப் படியுங்கள். விழாவுக்கு அனுப்பவும் விற்கவும் யார் அனுமதி வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. செலவு

கேமராவும் விளக்கும் கல்லூரியுடையவை, யாருக்கும் சம்பளம் இல்லை. 9,000 ரேண்டில் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஆனது 17,000. சாப்பாடு 4,900, ஒலிக் கருவி வாடகை 3,600, ஹார்ட் டிஸ்க் இரண்டு 3,200, பெட்ரோல் 1,800, விழாக்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,500, காப்பீடு 1,300, உடை பாத்திரம் இத்யாதி 700.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். சம்பளம் வாங்காமல் காலை ஐந்தரைக்கு வந்து நிற்கிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கிற ஒரே கூலி அது. முதல் நாள் மதியம் எல்லாருக்கும் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் நிரப்பிய கறி, வாங்கிக் கொடுத்தோம். ருசிதான், ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து பெரியம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

என் கணக்கில் விட்டுப்போனவை ஹார்ட் டிஸ்கும் விழாக் கட்டணமும்தான். விழாக் கட்டணம் படம் எடுத்து முடித்து, கையில் காசே இல்லாதபோது வருகிற செலவு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைப் படப்பிடிப்புக்குப் பிறகு என்று தனியாக எடுத்து வையுங்கள்.

உதவித்தொகைக்குத் தேசியத் திரைப்பட, வீடியோ அறக்கட்டளை இருக்கிறது. திரைப்படம் படிப்பவர்களுக்கு அங்கே உதவித்தொகை உண்டு. ஆனால் முடிவு தெரிய மாதக்கணக்காகும், அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

5. தேதி குறிப்பது: சூரியன், மழை, மின்சாரம்

டர்பனில் கோடையில்தான் மழை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் சொல்லாமல் வரும். ஜூன், ஜூலை காய்ந்து கிடக்கும், கல்லூரியும் விடுமுறை. ஆனால் ஜூனில் சூரியன் ஏழுக்குச் சற்று முன்னால் எழுந்து ஐந்து மணிக்கெல்லாம் விழுந்துவிடும். பத்து மணி நேரம். டிசம்பரில் பதினான்கு. வெளிப்புறக் காட்சிகளைக் காலையில் வையுங்கள், உள்காட்சியை மத்தியானத்துக்குத் தள்ளுங்கள்.

முதல் நாளுக்கு 28 ஷாட் எழுதி வைத்திருந்தேன். எடுத்தது 13. மாணவர் குழுவுக்கு ஒரு நாளைக்கு 12, 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘இல்லாமல் முடியாது’, ‘இருந்தால் நல்லது’ என்று முன்னாலேயே எழுதுங்கள். நாலரை மணிக்கு வெளிச்சம் இறங்கும்போது அதை முடிவு செய்கிற தெளிவு யாருக்கும் இருக்காது.

லோட் ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) 2022, 2023-இல் இருந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மின்வெட்டு நேரத்தைச் சொல்லும் எஸ்காம்செபுஷ் செயலியைப் போனில் வைத்திருங்கள், பேட்டரிகளை முந்தின இரவே நிரப்புங்கள். தண்ணீர் நின்றுபோகிற நாளும் உண்டு. கூழ் காய்ச்சுகிற கதை என்பதால் நாங்கள் நான்கு டிரம் பிடித்து வைத்தோம்.

மின்சாரம் பற்றி இன்னொன்று. இங்கே 50 ஹெர்ட்ஸ். வீட்டு விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் திரையில் அந்தத் துடிப்பு தெரியாது. இணையத்தில் அமெரிக்கர்கள் சொல்லித்தருகிற 1/60 அவர்கள் ஊர் மின்சாரத்துக்கானது. என் நண்பன் ஒருவன் அதை நம்பி எடுத்த இரவுக் காட்சி முழுவதும் சுவர் அலையலையாக ஓடியது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில எந்த ஷட்டருக்கும் அடங்காது; பத்து விநாடி எடுத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. ஒலி

பயிற்சிகளில் நான் ஒலியைக் கவனித்ததே இல்லை. கேமராவில் இருக்கிற மைக்கே போதும் என்று விட்டிருந்தேன். முழுப் படத்தில் என் தப்புகளில் பாதி இங்கேதான்.

டர்பனில் ஒலிப்பதிவுக்கு முதல் எதிரி ஹடீடா. பறவை அழகுதான், தொண்டை அப்படி இல்லை. விடியலிலும் அந்தியிலும், அதாவது வெளிச்சம் நன்றாக இருக்கிற நேரம் பார்த்து, கூரைமேல் உட்கார்ந்து கத்தும். வசனக் காட்சிகளைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். அடுத்து டாக்சி ஹாரன். பிறகு பக்கத்து வீட்டு நாய். அதற்கு அந்த வீட்டுக்காரரிடம் முந்தின நாளே ஒரு பை சமோசாவோடு போய்ப் பேசிவிடுங்கள்.

வீட்டுக்குள் ஃபிரிட்ஜை அணையுங்கள். அணைத்ததும் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள், அப்போதுதான் கிளம்பும்போது மறுபடி போட ஞாபகம் வரும். இந்த வித்தையை எனக்கு ஒருவர் சொல்லித்தந்தது, ஆயாவின் ஒரு வாரப் பாலும் மீனும் கெட்டுப்போன பிறகுதான்.

தரை ஓடு போட்ட சமையலறைகளில் எதிரொலி பயங்கரமாக இருக்கும். சட்டகத்துக்கு வெளியே உள்ள சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிடுங்கள், தரையிலும் ஒன்று விரியுங்கள். சேலை கட்டினவர்களுக்கு லேப்பல் மைக் (உடையில் குத்தும் சிறு மைக்) வைக்கும்போது கவனம்: பட்டு உரசும், தாலி மணி இடிக்கும், முந்தானையை இழுத்துச் செருகும்போது காதுக்குள் புயலடிக்கும். ஆயாவுக்குப் பழைய நூல் சேலை உடுத்தி, மேலே பூம் மைக் (நீண்ட கம்பின் முனையில் இருக்கும் மைக்) பிடித்தபோதுதான் குரல் குரலாக வந்தது. பூம் பிடிக்க ஆள் இல்லையென்று லேப்பலை மட்டும் நம்பாதீர்கள். கேமராவுக்கு உதவி ஒருவர் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒவ்வோர் இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து, அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. வசனத்துக்கு நடுவே ஒட்டுப்போட அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் தெரியும். படத்துக்கு வேண்டிய தனிச் சத்தங்களையும் அப்போதே எடுத்துவிடுங்கள். கூழ் கொதிக்கும் சத்தம், அகப்பை பானையில் உரசுவது, கேட் கிறீச்சிடுவது. நான் கொதிக்கும் சத்தத்தை விட்டுவிட்டுப் பிறகு என் அறையில் ஓட்ஸ் காய்ச்சிப் பதிவு செய்தேன். ஆயா முதல் தடவை படம் பார்த்ததும் கேட்டாள்: “என்ன பிள்ளை, கூழு இப்படியா கொதிக்கும்?”

7. படப்பிடிப்பு நாட்களில்

எந்தப் பானை எங்கே இருந்தது, எந்தக் கையில் அகப்பை, சேலை எந்தப் பக்கம் செருகியிருந்தது என்று பார்க்க ஒரே ஒருவரை வையுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஷாட் முடிவிலும் போனில் ஒரு படம் எடுக்கட்டும். கூழ் ஒவ்வொரு டேக்கிலும் இறுகிக்கொண்டே போகும். முதல் டேக்கில் நீராக இருந்தது ஆறாவதில் களியாகிவிட்டது. மூன்று பானை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

விட்டுப்போன ஷாட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று ஷாட்டுக்காக நாங்கள் செப்டம்பரில் திரும்பிப் போனோம். கொல்லையில் மாமரம் முழுக்கப் பூத்து நிற்கிறது. பேரன் முடி வெட்டியிருக்கிறான். மாமரத்தைச் சட்டகத்திலிருந்து ஒதுக்க ஒதுக்க ஷாட்டில் ஆயாவின் காது மட்டும்தான் மிஞ்சியது.

நடிக்கத் தெரியாதவர்களை நடிக்கவைக்கும்போது வசனத்தைக் கையில் கொடுக்காதீர்கள். ஆயா தாளைப் பார்த்துப் பேசினால் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் வந்தது. “பேரன் வீட்டை விக்கணும்னு சொல்றான், நீ கூழைக் கிண்டிக்கிட்டே பதில் சொல்லு ஆயா” என்றேன். கேமராவை எட்டு நிமிடம் நிறுத்தவில்லை. படத்தில் இருக்கிற ஒன்றரை நிமிடம் அதிலிருந்து வந்தது.

8. அன்றைக்கே நகல்

கேமராவின் மெமரி கார்டை அழிப்பதற்கு முன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல். இரண்டும் இரண்டு வீட்டில் தூங்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும், அதை வைத்து டிஸ்க் அளவைக் கணக்குப் போடுங்கள். களைப்பாக இருக்கிறவர் இதைச் செய்யக்கூடாது. அதாவது இயக்குநர் செய்யக்கூடாது.

9. எடிட்டிங்: இங்கேதான் மாதங்கள் போகும்

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே குறும்படத்துக்குப் போதும். கணினி திணறினால் சிறிய பிராக்சி கோப்புகளை உருவாக்கி அவற்றில் வெட்டுங்கள்.

முதல் ரஃப் கட் (ஷாட்டுகளைத் தோராயமாகக் கோத்தது) 19 நிமிடம் வந்தது. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டெல்லாம் உள்ளே இருந்தது, அதுதான் காரணம். ஒரு ஷாட்டுக்காகக் காலை நாலு மணிக்கு எழுந்தது பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு வாரம் திறக்காமல் வைத்தேன். பிறகு கதை தெரியாத மூன்று பேரை உட்காரவைத்துக் காட்டினேன். அவர்கள் சொன்னதை விட, எங்கே போனை எடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். மூன்று பேரும் நான்காவது நிமிடத்தில் எடுத்தார்கள். அந்த இடத்தில் பேரன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான். மிக அழகான ஒளிப்பதிவு. போய்விட்டது.

ஒழுங்கு முக்கியம். முதலில் காட்சிகளின் வரிசை, அப்புறம் ஒவ்வொரு காட்சிக்குள் வெட்டு. பிக்சர் லாக், அதாவது இனி வெட்டில் கைவைப்பதில்லை, என்று ஒரு தேதி குறித்து எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒலியும் நிறமும். நான் லாக் செய்த பிறகு, ‘ஒரே ஒரு ஷாட்டை ஆறு சட்டகம் குறைக்கிறேன்’ என்று கை வைத்தேன். அதற்குப் பின்னால் ஒலி முழுவதும் நகர்ந்தது. ஒலி செய்துகொண்டிருந்த நண்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஒலிக்கலவையை ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். கல்லூரி அரங்கில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். என் ஹெட்போனில் தெளிவாகக் கேட்ட தாலாட்டு அரங்கில் காணாமல் போயிருந்தது.

10. சப்டைட்டில்

நம் பிள்ளைகளிலேயே பலருக்கு இங்கே தமிழ் ஓடாது. ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் டர்பனில் தமிழ்ப் படம் காட்ட முடியாது. அதிகபட்சம் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குள், ஒரு விநாடிக்குக் குறையாமல் திரையில் நிற்கட்டும். வெட்டு விழுகிற இடத்தைத் தாண்டி ஓடவிடாதீர்கள்.

கூழுக்கு நம் ஊரில் சொல்கிற மாதிரியே ‘பாரிட்ஜ்’ என்று போட்டேன். இங்கே ஆடிக் கூழ் பூசையைப் பாரிட்ஜ் பிரேயர் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பார்வையாளர் ஆயா காலைச் சிற்றுண்டி செய்கிறாள் என்று கடைசிவரை நினைத்திருந்தார். இப்போது ‘கூழ்’ என்றே ஆங்கில எழுத்தில் இருக்கிறது.

படத்தின் பெயரும் நன்றிப் பட்டியலும் தமிழில் போட்டால், ஒவ்வொரு கொம்பையும் காலையும் பெரிதாக்கிப் பாருங்கள். சில மென்பொருள்களில் ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். நோட்டோ போன்ற யூனிகோட் எழுத்துருவில் தட்டிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால், வேறு மென்பொருளில் படமாக்கிக் கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள்.

11. அனுப்புவது

டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979-இலிருந்து நடக்கிறது. நடத்துவது குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம். வழக்கமாக ஜூலையில் வரும். விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்னாலேயே மூடிவிடும். ஆகவே வருடத் தொடக்கத்தில் படம் தயாராக இருக்கவேண்டும். முன்கூட்டியே அனுப்புகிறவர்களுக்குப் பல விழாக்களில் கட்டணம் குறைவு. கடைசி வாரத்தில் அனுப்பி நான் இழந்தது 400 ரேண்ட்.

யூடியூபில் போடுவதற்கு முன் விழாக்களின் விதியைப் படியுங்கள். பொதுவில் ஏற்றிய படத்தைச் சில விழாக்கள் எடுக்காது. நண்பர்களுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பை அனுப்புங்கள்.

தேர்வானால் டி.சி.பி. கேட்பார்கள். தியேட்டர் புரொஜெக்டருக்கான கோப்பு அது. டி.சி.பி.ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். 25 சட்டகத்தில் எடுத்ததை அவர்கள் 24-இல் கேட்கலாம். மாற்றினால் 11 நிமிடப் படம் ஏறக்குறைய 27 விநாடி நீளும், குரலும் சற்று இறங்கும். செய்வதற்கு முன் எது வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். செய்த பிறகு ஒரு தியேட்டரில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

டி.சி.பி. வீட்டு டிவியில் ஓடாது. டிவியில் ஓடக்கூடிய எச்.264 கோப்பு ஒன்றைத் தனியாக எடுத்து பென் டிரைவில் போட்டு வையுங்கள், நடித்தவர்கள் கேட்பார்கள். ஆயாவுக்கு நான் கொடுத்ததில் சப்டைட்டில் இல்லை. அது அவள் முகத்தை மறைக்கிறதாம்.